அரிசி மூட்டைக்குப் பதிலாக

அப்படிப் பின்னால் நின்று இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது தம்பி. வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். அழுத்துவது, விடுவது, தலையை ஆட்டுவது. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. பழைய ஷாக் அப்சார்பர் என்றால் கீழே போய் மேலே வந்து இரண்டு ஆட்டம் ஆடும். இது புதுசு. நீங்கள் ஏறி நின்றாலும் அசையாது. ஏறிவிடாதீங்க, பெயின்ட் போய்விடும்.

இப்படி வராந்தாவில் உட்காருங்க. அவர் ஆர்.சி. புக்கைப் பிரதி எடுக்க செராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். நடந்து போயிருக்கிறார், அதனால் நேரமாகும். வீட்டில் இது இல்லாமல் இன்னொரு காரும் ஒரு ஸ்கூட்டரும் நிற்கும்போது மனுஷன் ஏன் வெயிலில் நடந்து போகிறார் என்று கேட்காதீங்க. கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

காபிக்குச் சர்க்கரை போடலாம்தானே? இந்த வீட்டில் சர்க்கரை போட்டுக் காபி குடிக்கிற ஆள் வந்தே நாளாயிற்று.

ஈரோட்டிலிருந்து வருகிறீர்கள் என்று சொன்னார். இவ்வளவு தூரம் வந்தவரிடம் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெட்ரோல் போடுவேன், காற்று அடிப்பேன், இந்தக் கோயமுத்தூர் டிராஃபிக்கில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் காதில் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கார் குன்னூரில் ஓர் எஸ்டேட்காரர் ஷெட்டில் கிடந்தது. ஜப்பான்காரன் செய்தது, இரண்டே சீட்டு. உங்கள் வயது இருக்கும் அதற்கு. உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. எங்கள் மகள் கல்யாணம் முடிந்ததும் இதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணம் முடித்த மனுஷர்கள் காசி போவார்கள், ராமேஸ்வரம் போவார்கள். என் வீட்டுக்காரர் கார் ஷெட்டுக்குள் போனார். சென்னியப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஃபவுண்டரியில் பம்புக்கு வார்ப்படம் ஊற்றிக்கொண்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ரேஸ் கார். கேட்டால், "எனக்குன்னு ஒண்ணு வேணும் வசு" என்றார். அப்போது நாங்கள் எல்லாம் யாருக்கு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். என் பேச்சுக்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகிறவர் அவர். திருப்பிச் சொல்லவே மாட்டார். அது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

ஊருக்கு வெளியே டிராக் இருக்கிறதே, அங்கே மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு போவார். எல்லாம் ஐம்பது தாண்டியவர்கள். மில் லோகநாதன் அண்ணன்தான் தலைவர். தொப்பைக்கு மேல் ஜிப் ஏறாத டிரெஸ், தலையில் ஹெல்மெட். நாங்கள் பொண்டாட்டிமார் ஷெட்டு நிழலில் புளிசாதத்தையும் தயிர்சாதத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு கார் வரும்போதும் அந்தந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். கோயில் தேருக்குக் கும்பிடு போடுகிற மாதிரி.

இந்தக் காரில் ஒரு கோளாறு இருந்தது. நேராகப் போகும்போது பேசாமல் வரும். திருப்பம் வந்தால் பின்பக்கம் மட்டும் தனியாக யோசனை பண்ணும். பழைய ரப்பர் புஷ் எல்லாம் செத்துப்போய், ஸ்பிரிங் உட்கார்ந்து, பின்சக்கரம் நாம் சொல்வதைக் காதில் வாங்குவதற்குள் திருப்பமே முடிந்துவிடும். "முன்னாடி நான் சொல்றதைக் கேக்குது வசு, பின்னாடிதான் கேக்க மாட்டேங்குது" என்பார். "உங்க தம்பி பொண்டாட்டி மாதிரியா?" என்பேன். அதற்கும் சிரிப்பு.

அப்புறம்தான் பின்பக்கம் முழுவதையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தது. புது ஸ்பிரிங், மேலே குமிழ் வைத்த ஷாக் அப்சார்பர், அந்தக் குமிழைத் திருகினால் இறுகும், தளரும். இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற தடிக்கம்பி ஒன்று. புஷ் எல்லாம் புதுசு. மனுஷன் அதையெல்லாம் துடைத்து, பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். நான் விளக்கேற்றப் போனால் சாமிக்கு முன்னால் ஸ்பிரிங் நிற்கிறது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் சொன்னேன். "இதுக்கும் சேத்து ஒரு சரம் மல்லிகை வாங்கியிருக்கலாமே" என்று.

இங்கே கணபதி ஏரியாவில் ஆல்வின் என்று ஒரு பையன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பையன் என்றால் முப்பத்தைந்து இருக்கும். ஏ.சி. போட்ட ஒர்க்‌ஷாப், தரையில் சாப்பிடலாம். பாதி நேரம் அவன் போனில் யாருக்காவது தன் வேலையை வீடியோ எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பான். அவன்தான் எல்லாவற்றையும் மாட்டினான். மாட்டினால் மட்டும் போதாதாம். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தராசு வைப்பார்கள். ஓட்டுகிற ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு கனம் தாங்குகிறது என்று பார்த்து ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்வார்கள். ஓட்டுகிற ஆளின் எடைதான் கணக்கு. தையல்காரன் அளவெடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த நாள் பார்த்து ஃபவுண்டரியில் வார்ப்படம் வாங்குகிற பூனாக்காரர்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துவிட்டார்கள். இவருக்கு நகர முடியவில்லை. "நீ போய்ட்டு வந்துடு வசு. சீட்டுல நாலு சிப்பம் அரிசியைத் தூக்கி வெச்சா என் எடை ஆயிடும். ஆல்வினுக்குத் தெரியும்" என்றார். முந்தின நாள்தான் வருஷத்துக்கு அரிசி வந்து இறங்கியிருந்தது. இருபத்தைந்து கிலோ சிப்பம் சிப்பமாக ஸ்டோர் ரூமில் அடுக்கியிருந்தது. டிரைவரிடம் சொல்லி இன்னொரு காரில் ஏற்றிவிடவும் சொன்னார்.

நீங்களே சொல்லுங்க தம்பி. உலையில் போடுகிற அரிசி. அதை ஆட்கள் உட்கார்கிற இடத்தில் வைத்து, ஒர்க்‌ஷாப் ஆயில் கையால் தூக்கி இறக்கி, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து, அதை வடித்து முருகனுக்குப் படைப்பதா? நான் கான்வென்ட்டில் படித்தவள்தான், ஃபோர்க்கும் ஸ்பூனும் பிடிக்கத் தெரிந்தவள்தான். அதற்காக அரிசி மேல் மரியாதை இல்லாமலா போய்விடும்? மணல் மூட்டை வை என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பேன். அரிசி என்றார். அங்கேதான் பிழை. அவர் பக்கம்தான்.

டிரைவர் ஏற்றின அரிசியை இறக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனேன். ஆல்வின், "வெயிட்டுக்கு என்னங்க்கா கொண்டுவந்தீங்க?" என்றான். "நான் இல்லையா?" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சார் வெயிட் எவ்வளவுங்க்கா இருக்கும்?" என்றான். "ஏறக்குறைய என் எடைதான். என்ன, என்னை ஒல்லின்னு சொல்லப்போறியா?" என்றேன். தராசை எடுத்து வைத்தான். ஒரு பொம்பளையிடம் எடையைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கிற தைரியம் எந்த மெக்கானிக்குக்கும் கிடையாது.

ஏறக்குறைய என் எடையாம். அவர் உட்கார்ந்தால் எங்கள் சோபாவில் மறுபக்கம் இருக்கிறவர் எழும்பிவிடுவார். எனக்குத் தெரியாதா? மணி பதினொன்று ஆகிவிட்டது, வேலைக்காரி பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். போய்விட்டால் பாத்திரம் யார் கழுவுவது? அதுதான் என் யோசனை.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. "ஓட்டிப் பாத்து எப்படியிருக்குன்னு சார் சொல்லோணும்" என்றான் ஆல்வின். சார் வரமாட்டார், நான் ஓட்டுகிறேன் என்றேன். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விற்காமல் கிடக்கிற ஒரு லே-அவுட்டுக்குள் போனோம். நல்ல தார் ரோடு, ஆள் கிடையாது, நாலாபக்கமும் கல் நட்டு வைத்திருந்தார்கள். திருப்பினேன். கார் திரும்பியது, ஆனால் கொஞ்சம் யோசித்துத் திரும்பியது. சாப்பிடக் கூப்பிட்டால் வர்றேன் வர்றேன் என்பார்களே, அப்படி. எனக்குப் பொறுமை கிடையாது தம்பி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அப்போதே திரும்ப வேண்டும். "இன்னும் முறுக்கு" என்றேன். கம்பியை ஒரு ஓட்டை மாற்றி மாட்டினான். குமிழைத் திருகினான். மறுபடியும் போனோம். "இன்னும்" என்றேன்.

கடைசித் தடவை போனபோது, அது வந்தது. நினைத்த இடத்துக்கு வந்தது. நான் பார்க்கிறேன், கார் அங்கே இருக்கிறது.

ஆல்வின் அப்போது ஒன்று சொன்னான். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். "அக்கா, இது இப்ப ரொம்பக் கூர்மையா இருக்கு. திருப்பத்துக்கு நடுவுல பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் சுத்திடும். சார் காலை எடுப்பாரா?" என்றான்.

எடுப்பார். சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே பிரேக்கை மிதிக்கிறவர். கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட முண்டியடிக்காமல் அடுத்த பந்திக்கு நிற்கிறவர். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரா? அவர் அதெல்லாம் எடுக்க மாட்டார், நீ இப்படியே வை" என்றேன். மணி பன்னிரண்டாகப் போகிறது, வேலைக்காரி.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக ஷெட்டுக்குப் போய் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எல்லாம் சரியா வெச்சுட்டானா? அரிசி வெச்சீங்களா?" என்றார். அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. "ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்"தான் தம்பி. வேறு பொய்யே நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டிராக்கில் முதல் ரவுண்டிலேயே, தூரத்தில் இருக்கிற இடதுபக்கத் திருப்பத்தில், கார் பம்பரம் மாதிரி சுற்றிப் புல்லுக்குள் போய் நின்றது. எல்லாரும் ஓடினோம். ஒன்றும் ஆகவில்லை. டயர் சூடாகவில்லை என்றார். இரண்டாவது முறையும் அதே இடம். வலதுபக்கம் திரும்பும்போது ஒழுங்காக வருகிறது, இடதுபக்கம் போனால் பின்பக்கம் முந்திக்கொள்கிறது. வலதுபக்கம்தானே இவர் உட்கார்ந்திருக்கிறார், கணக்கில் வராத இரண்டு சிப்பம் கனம் அங்கேதானே இருக்கிறது? எனக்கே புரிந்துவிட்டது, புளிசாதப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே. லோகநாதன் அண்ணன், "என்னப்பா சென்னி, காருக்குப் புதுக் காலு போட்டே, அது ஆடப் பழகுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் அரிசி மூட்டைக் கதையைச் சொன்னால் அவருக்குத்தானே அவமானம்? பொண்டாட்டி அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்துவிடாதா? அவருக்காகத்தான் பேசாமலிருந்தேன்.

அடுத்த மாசமும் அதேதான். ஆல்வினிடம் கொண்டுபோய்க் காட்டுவார், அவன் நடந்ததைச் சொல்வான், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இவர் அவனிடம் போகவேயில்லை. அவன் போன் பண்ணி எப்படியிருக்கு சார் என்று கேட்டதற்கு, "அருமையா இருக்கு தம்பி" என்றார். எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனை வைத்துவிட்டு, "பொருள்ல குத்தமில்ல வசு. ஆளுதான் பழசாயிட்டான்" என்றார்.

அதற்கப்புறம் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றுமில்லை. நரம்பு டாக்டரிடம் போனார். அங்கேயும் ஒன்றுமில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருப்பேன். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிவோம். நடுங்கவே இல்லை. அவருக்கு அதுவும் ஆறுதலாக இல்லை.

பிறகு ஃபவுண்டரிக்கு டிரைவரை ஓட்டச் சொன்னார். டிரைவர் வராத நாளில் என்னை. ஸ்கூட்டரையும் விட்டுவிட்டார். "பின்னாடி யாராவது குழந்தை வந்துட்டா வசு" என்றார். எந்தக் குழந்தை, எதற்கு வருகிறது? இப்போது செராக்ஸுக்கு நடக்கிறார்.

பலகாரம் எடுத்துக்கோங்க. முறுக்குதான், வீட்டில் செய்தது.

அதற்கு அடுத்த மாசம் என்ன நடந்தது என்று கேளுங்க. இவர் இரண்டு ரவுண்டு மெதுவாக, ஊர்வலம் போகிற மாதிரி ஓட்டிவிட்டு வந்து இறங்கிவிட்டார். லோகநாதன் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காதே. "தங்கச்சி, நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கோ. காரு கெட்டுப்போச்சா ஆளு கெட்டுப்போச்சான்னு பாத்துடலாம்" என்றார். எல்லாரும் விளையாட்டுக்குத்தான் சிரித்தார்கள். இவரே ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரைக் கட்டிவிட்டார். "பாத்துப் போ கண்ணு. அந்த இடதுபக்கத் திருப்பத்துல மட்டும் ஜாக்கிரதை" என்றார்.

நான் போயிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும், அந்தக் கார் யாருக்காகத் தைத்தது என்று. எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் மாட்டேன் என்று சொன்னால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? பயந்துவிட்டேன் என்று நினைக்க மாட்டார்களா?

போனேன். முதல் ரவுண்டு பழக. இரண்டாவது ரவுண்டில் அந்த இடதுபக்கத் திருப்பம் வந்தது. எல்லாரும் அங்கேதான் காலை எடுப்பார்கள். ரோடு கொஞ்சம் இறங்கும், எதிரே ஒன்றும் தெரியாது, வயிறு மேலே வரும். நான் எடுக்கவில்லை. பின்பக்கம் லேசாக வெளியே போனது, போகட்டும் என்று விட்டேன், காலை அப்படியே வைத்திருந்தேன், அது தானாக உட்கார்ந்தது. அந்த ஸ்பிரிங் உட்கார்கிறதை முதுகுத்தண்டில் கேட்கலாம் தம்பி. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அறுபது பேருக்குத் தனியாகச் சமைத்து, சரியாகப் பந்தி முடியும்போது சாம்பார் அடிவண்டலோடு தீர்ந்தால் ஒன்று வருமே, அந்த மாதிரி. கொடியை ஆட்டி வரச்சொன்னார்கள். நான் பார்க்காத மாதிரி இன்னொரு ரவுண்டு போனேன்.

திரும்பி வந்தால் லோகநாதன் அண்ணன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இவருடைய பழைய நல்ல டைம், கார் சுற்றாமல் இருந்த காலத்து டைம், அதைவிட மூன்று செகண்டு குறைவு. பொம்பளைகள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுக்கு என்ன கஷ்டமோ. இவர் வந்து ஹெல்மெட் வாரை அவிழ்த்துவிட்டார். "முப்பது வருஷமா இதை எங்க வெச்சிருந்தே வசு?" என்றார். குத்திக்காட்டவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டு, அப்படியே வாய் தவறி எல்லாம் வெளியே வந்திருக்கும்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம், "கார்ல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நல்லதாப் போச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஷெட்டில் விட்டதும் உறையைப் போட்டு மூடினார். மறுநாள் விற்கப்போவதாக எல்லாருக்கும் சொல்லிவிட்டார். நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். உங்கள் பார்வையே சரியில்லை. எங்கள் கான்வென்ட்டில் ஃபிலோமினா சிஸ்டர் சொல்வார், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று. இவர் கேட்கவில்லை. அங்கே வேதக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பலுக்குள் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, செய்ததை எல்லாம் சொல்லிவிட்டு, முகம் கழுவின மாதிரி வெளியே வருவார்கள். எங்களுக்கு மாரல் சயன்ஸ் கிளாஸ் மட்டும்தான். பாவம் எது என்று கற்றுக்கொடுப்பார்கள், எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று சொல்ல மாட்டார்கள்.

சொல்லத்தான் நினைத்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். அவர் நல்லாகிவிடுவார், அது நிச்சயம். கையும் கண்ணும் திரும்பி வந்துவிடும். ஆனால் அந்தப் பல் டாக்டர் வீட்டம்மா இருக்கிறாளே, போன வாரம் தெருவில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நினைச்சா எனக்குத் தெம்பா இருக்குங்க்கா" என்றாள். அவளிடம் போய், இல்லைம்மா, அது அரிசி மூட்டை வைக்காததால் வந்தது என்று சொல்வதா? அவள் மனசு உடைந்துவிடாதா? அவளுக்காகவும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தம்பி, நீங்கள் ஒரு உதவி பண்ணணும். பெரிசாக ஒன்றுமில்லை. அவர் வந்ததும் நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது பின்பக்கம் உங்க எடைக்கு செட் பண்ணின மாதிரி தெரியலையே, யாரோ லேசான ஆளுக்கு வெச்ச மாதிரி இருக்கே" என்று சொல்லுங்க. அவ்வளவுதான். யார் என்று சொல்ல வேண்டாம். உங்களுக்கு எப்படித் தெரியும்? கார் தெரிந்தவர்களுக்குப் பார்த்தால் தெரியாதா? அவர் உடனே ஆல்வினுக்குப் போன் போட்டு மறுபடி தராசில் ஏற்றச் சொல்லிவிடுவார். ஆல்வினை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கப்புறமும் விற்கிறேன் என்றால் தாராளமாக வாங்கிக்கொண்டு போங்க.

கேட் சத்தம். அவர்தான். நான் சொன்னது நினைவிருக்கட்டும்.

ஏனுங்க, வந்துட்டீங்களா? வேர்த்து ஊத்துது பாருங்க, ஆட்டோ பிடிச்சிருக்கலாமல்ல? இந்தத் தம்பிதான் ஈரோட்டுக்காரர். காரெல்லாம் நல்லாத் தெரிஞ்சவர். பாத்த உடனே ஒண்ணு சொன்னாருங்க. நம்ம காருக்குப் பின்பக்கம் உங்க எடைக்கு செட் பண்ணினது இல்லையாம். யாரோ எடை கம்மியான ஆளுக்கு வெச்சதாம். அதுதான் சுத்துதாம்.

எப்படித் தெரியுமா? அதை என்னைக் கேட்டா? அவரையே கேளுங்க.

சொல்லுங்க தம்பி.

வாயில முறுக்கை வெச்சுக்கிட்டு முழிக்கிறாரு பாருங்க. ஏன் தம்பி என் மூஞ்சியையே பாக்கறீங்க, அவர்கிட்டச் சொல்லுங்க.

சரி, விடுங்க. அவர் ஒண்ணும் சொல்லலீங்க. நான்தான். அரிசியை நான் கொண்டுபோகவே இல்ல. நானே சீட்டுல உக்காந்தேன். ஓட்டிப் பாத்ததும் நான்தான். இன்னும் முறுக்கு இன்னும் முறுக்குன்னு சொன்னதும் நான்தான். ஆல்வின் கேட்டான், சார் காலை எடுப்பாரான்னு. எடுக்க மாட்டாருன்னு சொல்லிட்டேன். உங்க கையில ஒண்ணுமில்லீங்க. கண்ணுலயும் ஒண்ணுமில்ல. அந்தக் கண்ணாடி முன்னாடி இனி நிக்காதீங்க. என்னால பாக்க முடியல.

எப்பவா? முதல் நாள்ல இருந்தே தெரியும். நீங்க புல்லுக்குள்ள போய் நின்னப்பவே தெரியும்.

ஏன் சொல்லலைன்னா, வேலைக்காரி பன்னெண்டு மணிக்கு... இல்லீங்க. எனக்குத் தெரியலீங்க.

என்னங்க சிரிக்கிறீங்க? திட்டறதா இருந்தா திட்டுங்க, வந்தவர் முன்னாடியே திட்டுங்க, பரவாயில்ல. போன் எங்கயா? டி.வி.க்குப் பக்கத்துல இருக்கு. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க.

உள்ளே போய்விட்டார் தம்பி. பார்த்தீங்களா, எப்படிப் போகிறார் என்று? காலையில் இதே வாசற்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினவர்.

கேட்கிறதா? லோகநாதன் அண்ணனுக்குத்தான். "ஏய் லோகு, ஆளு கெட்டுப்போகலடா, காருதான் என் பொண்டாட்டி அளவுக்குத் தெச்சது" என்கிறார். சத்தமாகச் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை இந்த வீடு கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? நல்லது. ரொம்ப நல்லது. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. உங்களுக்குக் கார் கிடையாது, அது தெரிந்துவிட்டதுதானே? மன்னிச்சுக்கோங்க. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும்.

என்ன சொல்கிறார் பாருங்க. "அன்னிக்கு அவ டைமுக்குக் காரணம் அதுதான்டா. அவங்கவங்க எடைக்கு வெச்சா, யார் ஓட்டுனாலும் பறக்கும்" என்கிறார்.

சொல்லட்டும். அவர் வாயில் நாலு நல்ல வார்த்தை வருகிறதே, வரட்டும். ஊரெல்லாம் சொல்லட்டும். பல் டாக்டர் வீட்டுக்கும் சொல்லட்டும். நானும் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

யார் ஓட்டினாலும் என்கிறார்.

அந்தத் திருப்பத்தில் நான் காலை எடுக்கவே இல்லை தம்பி. ரோடு இறங்குகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, வயிறு மேலே வருகிறது, எடுக்கவே இல்லை. அது ஸ்பிரிங் செய்த வேலையா? நீங்கள் நிஜமாகவே கார் தெரிந்தவர்தானே? மெதுவாகச் சொல்லுங்க, அவருக்குக் கேட்க வேண்டாம்.